இளவரசியைத் தொட உத்தரவு

மூன்று கிழமையாகப் பூட்டிக் கிடந்த வீட்டின் கார்ப்பெட்டில், படுக்கையறை வாசலில் தொடங்கிக் குளியலறைக் கதவு வரைக்கும், இரண்டு வரிசையாக ஏதோ அழுந்திப்போன தடம் இருந்தது. வாக்யூம் கிளீனரின் உருளுகிற சில்லுத் தடமாக்கும் என்று கௌசி முதலில் நினைத்தாள். சப்பாத்தைக் கழற்றி வாசலில் விட்டு, மடித்துக் கொண்டுவந்த கார்ட்போர்ட் பெட்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தபோதுதான், சில்லு இப்படி விட்டு விட்டுப் போகாது என்று தெரிந்தது. ஒரு உள்ளங்கை. அதற்குப் பின்னால் ஒரு முழங்கால். மறுபடி உள்ளங்கை. விரலால் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

மரியோவாக இருக்கும். கட்டடத்தைப் பராமரிக்கிற மரியோ, கீழே வீட்டுக் கதவுத் திறப்பைக் கையில் தரும்போதே சொல்லியிருந்தார். எட்டாம் மாடிக்காரரின் சீலிங்கில் தண்ணீர் ஒழுகுகிறதாம். இந்த வீட்டுக் குளியலறையிலிருந்துதான் வருகிறது என்கிறார்களாம். மரியோவே வந்து இந்த வீட்டுக்குத் தண்ணீர் வருகிற வால்வையே பூட்டிவிட்டாராம். "இனி அந்த பைப்பில் ஒரு சொட்டும் வராது," என்றார். "ஆனாலும் கீழே ஒழுகுது. பழைய கட்டடம், கௌசி. என்ன செய்ய?" பைப் பார்க்க வந்த மனுசன் முழந்தாளில் நின்றிருப்பார், அவ்வளவுதான். ஆறடி மனுசன் படுக்கையறை வாசலிலிருந்து ஏன் தவழ்ந்து போகவேண்டும் என்று மனசு கேட்டது. அவள் பெட்டிகளை விரிக்கத் தொடங்கினாள்.

மணி இரண்டு. ஐந்துக்கு மகள் யதுஷா காரோடு வருவாள். அதற்குள், அவள் பராமரித்துவந்த இளவரசியின் உடுப்பு முழுவதையும் நிறவாரியாகப் பெட்டியில் அடுக்கிவிட வேண்டும். இளவரசியின் மகன் எட்வேட் போனில் கேட்டுக்கொண்டது அது. "எந்த நிறம் எந்த நாளுக்கு என்று பெற்ற பிள்ளை எனக்கே தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்," என்றார். பிறகு குரல் தழுதழுக்க, "அம்மா தனியாகச் சாகவில்லை, வீட்டில் நீங்கள் இருந்தீர்கள் என்பதுதான் எனக்கு ஆறுதல்," என்றார். அறுபது வயது மனுசன் அப்படிச் சொன்னபோது கௌசி "ஓம்" என்று மட்டும் சொன்னாள். அவர் சொன்னது உண்மைதான். வீட்டில் அவள் இருந்தாள். எங்கே இருந்தாள் என்பதில்தான் பொய். எட்வேட்டுக்கும் சரி, விசாரிக்க வந்த பொலிஸ்காரிக்கும் சரி, குசினியில், அடுப்படியில் நின்றதாகத்தான் சொல்லியிருந்தாள்.

எல்லாரும் நம்பினார்கள். யதுஷா மட்டும் இளவரசி இறந்த அன்றைக்கே, சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி, "நீங்க அவவை பாத்ல தனிய விடுறேல்லையே அம்மா," என்றாள். அதற்குப் பிறகு மூன்று கிழமை, டோர்செட் பார்க்கில் அந்த இரண்டறை அப்பார்ட்மென்டுக்குள், தாயும் மகளும் "சாப்பிட்டாச்சா", "ஓம்" என்பதற்கு மேல் கதைக்கவில்லை. இன்று காலையில் வெளிக்கிடும்போதுதான் வாசலில் நின்று, "ஐஞ்சு மணிக்கு வந்து ஏத்துறன். நான் ஒண்டு கேக்கோணும்," என்றாள். என்ன கேட்கப் போகிறாள் என்று கௌசிக்குத் தெரியும். சொல்லிவிட வேண்டும் என்று சப்வேயில் வரும் வழி முழுக்க நெஞ்சைத் தயார்ப்படுத்திக்கொண்டு வந்தாள். சொன்னால் மகள் முகத்தைத் திருப்பக்கூடும். சொல்லாவிட்டால் திருப்பிய முகம் இனித் திரும்பாது. அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு பிள்ளை.

இளவரசி என்பது யாரும் செல்லமாக வைத்த பெயரில்லை. தாய்லாந்து அரச குடும்பத்தின் ஒரு கிளையில் பிறந்து, பாங்கொக்கில் ஆண்கள் நுழையாத அரண்மனை உட்கட்டில் அத்தைமாரோடு வளர்ந்தவர் அவர். பூச்சரம் கோர்க்கவும், உடுப்புக்கு வாசனை மெழுகுதிரிப் புகை பிடிக்கவும், நாளுக்கு ஒரு நிறம் உடுக்கவும் பழக்கப்பட்டவர். வெளிநாட்டுக்குப் படிக்கப் போன இடத்தில் ஒரு கனடாக்கார வாத்தியாரை விரும்பினார். குடும்பத்துக்கு வெளியே கட்டினால் பட்டம் போய்விடும் என்றார்கள். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரொறொன்ரோ வந்தவர், சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் பக்கத்தில் இந்த ஒன்பதாம் மாடியில், அறுபது வருசம் ஒருவருக்கும் தன் கதையைச் சொல்லாமல், வரிசையில் நின்று மீன் வாங்கி, ஸ்ட்ரீட்காரில் தொங்கி வாழ்ந்தார். தொண்ணூறு வயதில் மறதி வந்தது. மறதி வந்தவர்கள் எதை எதையோ தொலைப்பார்கள். இவர் தொலைத்தது அந்தக் கையெழுத்தை.

பராமரிப்பு வேலைக்கு வந்த முதல் நாள், தோளைப் பிடித்து எழுப்பப் போன கௌசிக்குக் கன்னத்தில் ஒன்று விழுந்தது. எட்வேட் கையைப் பிசைந்துகொண்டு விளக்கம் சொன்னார். அரச குடும்பத்தவரை உத்தரவில்லாமல் தொடக்கூடாது. அவர் தலைக்கு மேலே இவள் தலை நிற்கக்கூடாது. அவர் இருக்கும் அறைக்குள் கையையும் முழங்காலையும் ஊன்றித்தான் போகவேண்டும். தொடுவதற்கு முன் கையைக் கூப்பித் தலையைக் குனிந்து, "கோ பிரதான் அனுயாத்" என்று கேட்கவேண்டும். அவர் "ம்" என்றால் தொடலாம். "நடிப்புத்தான், கௌசி. அம்மாவின் மனசு அமைதியாக இருக்கட்டுமே," என்றார். அனுயாத் என்றால் அனுமதி. சொல்லே பாதி தமிழ் மாதிரி இருந்ததால் ஒரே நாளில் பாடமாகிவிட்டது.

முதல் கிழமை சிரிப்பாகத்தான் இருந்தது. போர்வையை விலக்க ஒரு "ம்". சப்பாத்துப் போட ஒரு "ம்". மூக்கைத் துடைத்துவிட ஒரு "ம்". இரண்டாம் கிழமையில் சிரிப்பு நின்றது, முழங்கால் வீங்கியது. நிலத்துக்கு மாபிள் பதிக்கிறவர்கள் கட்டுகிற முழங்கால் மெத்தை ஒரு சோடி வாங்கி, கைப்பையின் அடியில் ஒளித்து வைத்துக்கொண்டாள். முழங்கால் ஏன் கறுத்திருக்கிறது என்று யதுஷா ஒரு நாள் கேட்டதற்குக் கோயிலில் விழுந்து கும்பிட்டது என்று புளுகினாள். வேலையில் வெட்கமில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிற வாய் அது. அந்த வாய்க்குத் தன் பிள்ளையிடம் மட்டும் உண்மை வரவில்லை.

அலுமாரியைத் திறந்தாள். பழைய மெழுகுப் புகையும் மல்லிகையும் கலந்த மணம் முகத்தில் மோதியது. அதற்குள் புதிதாக இன்னொரு மணம், நாள்பட்ட தண்ணீரின் பச்சை மணம், மெல்லக் கலந்திருந்தது. ஞாயிறுக்குச் சிவப்பு. மடித்து வைத்தாள். திங்களுக்கு மஞ்சள். மடித்து வைத்தாள். செவ்வாய்க்கு இளஞ்சிவப்பு. ஹாங்கரை எடுக்க நீட்டிய கை நடுவழியில் நின்றது.

நிறுத்தியது அவளில்லை. நோவில்லை, விறைப்பில்லை. கை தானாக ஓரிடத்தில் நின்று, மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தது. நல்ல பழக்கம் பழகியிருக்கிறாய் என்று தன்னைத்தானே நையாண்டி பண்ணிக்கொண்டு, விளையாட்டுக்கு, வாய்க்குள்ளே, "கோ பிரதான் அனுயாத்" என்றாள்.

"ம்."

குளியலறைப் பக்கமிருந்து வந்தது. கை விடுபட்டுப்போய்ப் பட்டுத் துணியில் பட்டது.

கௌசி அப்படியே நின்றாள். யன்னலுக்குக் கீழே ரேடியேற்றர் ஒரு தரம் கிணுங்கியது. வெந்நீர் ஓடுகிற பழைய இரும்பு, தை மாதக் குளிரில் என்ன சத்தம்தான் போடாது. இருமும், முனகும், ஆள் மாதிரி மூச்சும் விடும். அடுத்த உடுப்புக்குக் கையை நீட்டினாள். நின்றது. இந்த முறை கேட்கப்போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். வியர்த்தது. ஒரு விரற்கடை நகரவில்லை. கடைசியில் கேட்டாள். "ம்" வந்தது. துணி கைக்கு வந்தது.

அப்படியே புதன் பச்சை, வியாழன் செம்மஞ்சள், வெள்ளி நீலம். ஒவ்வொன்றுக்கும் கேட்டாள், ஒவ்வொன்றுக்கும் "ம்" கிடைத்தது. இறங்கி ஓடியிருக்கலாம். ஓடினால் மரியோ ஏன் என்று கேட்பார், எட்வேட் ஏன் என்று கேட்பார், குசினியில் நின்றவளுக்குக் குளியலறையில் என்ன பயம் என்று யாராவது யோசிப்பார்கள். அதனால் நின்று வேலை செய்தாள். வேலை முன்போலவே ஒழுங்காக ஓடியது. அந்தக் குரலைக் கேட்கக் கேட்க உடம்பு பழைய தாளத்துக்கு வந்து, கொஞ்சம் ஆறுதல்கூடப் பட்டது. அந்த ஆறுதல்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

இளஞ்சிவப்பு உடுப்புகள் பெட்டியின் மேலே கிடந்தன. அன்றைக்கும் ஒரு செவ்வாய்.

குளிக்க வார்க்கும்போதெல்லாம் இளவரசி ஒரே கதையைத்தான் சொல்வார். ஆறு வயதில் அரண்மனைத் தாமரைக்குளத்தில் தவறி விழுந்துவிட்டாராம். பன்னிரண்டு பணிப்பெண்கள் கரைக்கு ஓடி வந்தார்களாம். வந்து, வரிசையாக முழந்தாளிட்டு, கையைக் கூப்பி, அழுது அழுது உத்தரவு கேட்டார்களாம். "என் வாய் நிறையத் தண்ணீர். நான் எப்படி 'ம்' சொல்வது?" என்பார். தாமரைத் தண்டைப் பிடித்துத் தானாக மேலே வந்தாராம். "ஒருத்தியும் கை நீட்டவில்லை. அவ்வளவு மரியாதை," என்று முடிப்பார். கிழவிக்குத் திமிர் என்று கௌசி அப்போது நினைத்தாள். அந்தக் கதையை ஏன் எப்போதும் தண்ணீருக்குள் இருந்துகொண்டே, இவள் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

மரியாதையைப் பற்றிக் கௌசிக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. பத்து வயதில், சுன்னாகத்தில் வீட்டுக் கிணற்றடியில் நின்று, தண்ணீர் கேட்டு வந்த பெண்ணின் ஏந்திய கைகளுக்கு மேலே செம்பைச் சரித்தவள் அவள். கை பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்று என்று அம்மா சொல்லியிருந்தாள். பாதித் தண்ணீர் நிலத்தில் போகும். அந்தப் பெண் மறுபடி ஏந்துவாள். எட்டாத தூரத்தில் கையை வைத்திருப்பது எப்படி என்பதைக் கௌசி அப்போதே பழகிவிட்டாள். இங்கே வந்து அவள் பழகியது கீழே நின்று அதைச் செய்வதை மட்டும்தான்.

அந்தச் செவ்வாய், கௌசி வீட்டில் மறந்துவிட்டு வந்த போனைக் கொடுக்க யதுஷா வந்தாள். வெளிக்கதவு பூட்டாமல் கிடந்தது. உள்ளே வந்தவள் கண்டது, முழங்காலில் மெத்தையைக் கட்டிக்கொண்டு, தேத்தண்ணித் தட்டை முன்னால் தள்ளித் தள்ளிக் கார்ப்பெட்டில் தவழ்ந்து போகிற தன் தாயை. "அம்மா?" என்றாள். கௌசியால் எழும்பவும் முடியவில்லை, தவழவும் முடியவில்லை. கதிரையிலிருந்த இளவரசி திரும்பிப் பார்த்து, மிக அன்பாகச் சிரித்து, "உன் மகளா? உன் அம்மா இப்போது நன்றாகத் தவழ்கிறாள். வந்த புதிதில் மாடு மாதிரி," என்றார். யதுஷா போனை நிலத்தில் வைத்தாள். தாய்க்கு எட்டுகிற இடம் அதுதான் என்று வைத்தாளோ என்னவோ. கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

கால் மணித்தியாலம் கழித்துக் கௌசி இளவரசியைக் குளிக்க வார்த்தாள். கேட்டாள். "ம்." தொட்டாள். தொட்டிக்குள் போட்ட இருக்கையில் இருத்தினாள். சவர்க்காரம் எடுக்கத் திரும்பிய நேரம் இருக்கை வழுக்கி, அந்த முப்பத்தெட்டுக் கிலோ உடம்பு சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. கௌசி பக்கத்தில்தான் முழந்தாளில் இருந்தாள். கையை நீட்டினால் போதும்.

கையை நீட்டவில்லை. கூப்பினாள். "கோ பிரதான் அனுயாத்," என்றாள். தெளிவாக, அவசரமில்லாமல், படிப்பித்தபடி. ஒரு நிமிசம் பயப்படட்டும் என்றுதான் நினைத்தாள், சத்தியமாக அவ்வளவுதான். தண்ணீருக்கடியில் அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன. இரண்டாம் தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்டு முடிக்கும்போது தண்ணீர் ஆடாமல் நின்றுவிட்டது.

இப்போது தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

வால்வு பூட்டிய குழாயிலிருந்து, தொட்டிக்குள் தண்ணீர் மெல்ல ஏறுகிற சத்தம். வெளியே நாலரை மணிக்கே இருண்டுகொண்டு வந்தது. எதிர்க் கட்டடத்தின் யன்னல்களில் வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. சனிக்கிழமை ஊதாவை மடித்து முடித்திருந்தாள். லைட்டைப் போடலாம் என்று சுவிட்சைத் தேடினாள். சுவிட்ச் எங்கேயோ உயரத்தில் இருந்தது. ஏன் இவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்று ஒரு கணம் எரிச்சல் வந்தது. பிறகுதான் கீழே பார்த்தாள்.

அவள் முழந்தாளில் இருந்தாள்.

எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. பெட்டிகள் அறை முழுக்கப் பரவிக் கிடந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் அலுமாரிக்கும் நடுவில் தவழ்ந்த தடம் ஓடியது. அவளுடைய தடம்தான். காற்சட்டையின் முழங்கால் இரண்டும் நனைந்து தோலோடு ஒட்டியிருந்தன. ஆனால் அவளுடைய தடத்துக்குப் பக்கத்திலேயே, இடைவெளி மாறாமல், இன்னொரு தடம் ஓடியது. அது சின்னது. சில இடங்களில் அவளுடையதற்கு முன்னால் போயிருந்தது. சில இடங்களில் நின்று, திரும்பி, அவளைப் பார்த்தபடி இருந்திருக்கிறது.

எழும்பப் பார்த்தாள். தலை ஒரு அளவுக்கு மேலே போக மறுத்தது.

பிழை செய்தவள் நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் அறைக்குச் சொல்லிப் பழகினாலாவது பிள்ளைக்குச் சொல்ல வரும் என்று நினைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெட்கம். பயத்துக்கு மேலே ஏறி நின்ற வெட்கம். செத்த பிறகும் அந்தக் கிழவியிடம் மன்னிப்புக் கேட்க இந்த வாய்க்கு மனமில்லை.

வெளிக்கதவு திறந்தது.

"அம்மா? ஏன் லைட் போடேல்லை?"

யதுஷா சுவிட்சைத் தட்டினாள். வெளிச்சத்தில், ஜக்கெட்டில் பனியோடு, கார்த் திறப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். தாயை நிலத்தில் கண்டதும் முகம் கோணியது. ஆனால் இந்த முறை அவள் போகவில்லை. வந்து, தானும் கார்ப்பெட்டில் குந்தினாள்.

"பெட்டி கட்டினனான்," என்றாள் கௌசி.

"தெரியும். அம்மா, இஞ்ச பாருங்கோ. அண்டைக்கு நான் ஒண்டும் கதைக்காமப் போனது என்ர பிழை. உங்களைப் பாத்து எனக்கு வெக்கம் இல்லை. எனக்கு என்னைப் பாத்துத்தான் வெக்கமா இருந்தது. என்ர யூனிவேர்சிட்டிக்காகத்தானே நீங்க உப்பிடிக் கிடந்தனீங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஐ ஜஸ்ட் நீட் டு நோ. என்ன எண்டாலும் நான் கோவிக்க மாட்டன். அவ விழேக்க நீங்க எங்க நிண்டனீங்க?"

மூன்று கிழமை காத்திருந்த கேள்வி. பிள்ளையின் முகம் ஒரு முழத் தூரத்தில், திறந்து, கேட்டுக்கொண்டு இருந்தது. சொல்லலாம். இப்போது சொல்லலாம். கேட்ட பிறகு அந்த முகம் எப்படி மாறும் என்று கௌசி ஒரு கணம் பார்த்தாள். தாங்காது என்று தெரிந்தது.

"குசினியில," என்றாள்.

"ஷுவரா?"

"ஓம். குசினியிலதான் நிண்டனான்."

"ம்."

யதுஷா திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஆரம்மா உள்ள?"

"ஒருத்தரும் இல்லை. வா, போவம்."

"பாத்ரூம்ல ஆரோ நிக்கினம். தண்ணி ஓடுது, கேக்கேல்லையா?"

"பிள்ளை, போகாத."

போய்விட்டாள். அவள் காலால் நடக்கிறவள், நாலே எட்டில் போய்விட்டாள். குளியலறைக் கதவு திறக்கிற சத்தம். "வாட் த..." என்று பாதிச் சொல். ஈரத் தரையில் கால் வழுக்குகிற சத்தம். பிறகு எலும்பும் இரும்பும் மோதுகிற சத்தம். பிறகு தண்ணீர்.

கௌசி எழும்பினாள். எழும்பவில்லை. முழங்கால்கள் கார்ப்பெட்டை விடவில்லை. அப்படியே தவழ்ந்தாள். வேகமாகத் தவழ்ந்தாள். நன்றாகத் தவழத்தான் அவளுக்குத் தெரியுமே. வாசல். ஈர மாபிள். தொட்டி விளிம்பு வரைக்கும் நிறைந்து வழிந்தது.

யதுஷா உள்ளே கிடந்தாள். ஜக்கெட் தண்ணீரைக் குடித்து அவளைக் கீழே இழுத்தது. நெற்றியிலிருந்து மெல்லியதாகச் சிவப்பு கலைந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. தாயைப் பார்த்தது. ஒரு கை விளிம்புக்கு மேலே வந்து தடவியது.

கௌசி கையை நீட்டினாள்.

கைகள் கூப்பிக்கொண்டன.

பிரிக்கப் பார்த்தாள். உள்ளங்கை உள்ளங்கையோடு ஒட்டிக் கிடந்தது. தலை தானாகக் குனிந்தது. பிள்ளையைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

"கோ பிரதான் அனுயாத்."

பதில் இல்லை.

நான்தான், நான் பக்கத்திலதான் இருந்தனான், பாத்துக்கொண்டுதான் இருந்தனான் என்று கத்தினாள். நெஞ்சுக்குள் கத்தினாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"கோ பிரதான் அனுயாத்."

உத்தரவு வேண்டாம் என்று இளவரசி சொல்லியிருந்தார். அதைத்தான் இவள் எட்வேட்டுக்கும் சொல்லவில்லை, தனக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. விழுவதற்கு இரண்டு நாள் முன்னால், அந்த ஞாயிறு, மறதி சற்று விலகிய நேரத்தில், கதிரையிலிருந்து குனிந்து இவளை உற்றுப் பார்த்தார். "ஏன் நிலத்தில் இருக்கிறாய்? நான் இளவரசி இல்லையே. அதையெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனே," என்றார். பிறகு இவளுடைய கையைத் தானே எடுத்து, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "இனி நீ ஒன்றும் கேட்கத் தேவையில்லை, கௌசி. நான் விழுந்தால் பிடி." சரி என்று தலையாட்டினாள். அந்தக் கையின் சூடுகூட ஞாபகம் இருந்தது. செவ்வாய்க்கிழமை தண்ணீருக்கு மேலே கையைக் கூப்பியபோதும் ஞாபகம் இருந்தது.

தொட்டி வழிந்தது. தண்ணீர் முழங்காலைச் சுற்றி ஓடி, வாசலைத் தாண்டி, கார்ப்பெட்டுக்குள் இறங்கியது. அவளுக்கு இடப்பக்கத்தில், தோளோடு தோள் படாத தூரத்தில், யாரோ முழந்தாளிட்டு இருந்தார்கள். மெழுகுப் புகையின் மணம். நனைந்த பட்டு. கௌசியால் தலையைத் திருப்ப முடியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. மெதுவான மூச்சு. அவசரமில்லாத மூச்சு.

"ம் சொல்லுங்கோ," என்று இடப்பக்கத்து மூச்சிடம் கெஞ்சினாள். அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

விளிம்பில் யதுஷாவின் விரல்கள் விரிந்தன. மடங்கின. காற்றில் கையைத் தேடின. ஒரு சாண் தூரத்தில் கௌசியின் கைகள் கூப்பியபடி இருந்தன. விரல்கள் மறுபடி விரிந்தன.